மணி அடிக்கும்போது ஐந்து பேர்

மழை விட்டு இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வீட்டுக்கு வந்த சூசைமாணிக்கம் சட்டையை மாற்றிக்கொண்டு, பழைய பால்பவுடர் டப்பாவில் சுண்ணாம்புத்தூளை நிரப்பினார். டப்பாவின் அடியில் ஆணியால் குத்திய ஓட்டைகள். மகள் ஜெஸ்ஸியை வா என்று கூப்பிடவில்லை. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். பன்னிரண்டு வயதிலிருந்து அப்படித்தான். மழைக்கு அப்புறம் கோர்ட்டுக்குக் கோடு போட இரண்டு பேர் வேண்டும்.

அவர்கள் ஊர் சித்தையன்கோட்டையிலிருந்து நாலு கிலோமீட்டர். மாதா கோவிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே முப்பது சென்ட் காலி இடம். அதன் தென்பாதியில் பூப்பந்துக் கோர்ட்டு. பக்கத்துக்கு ஐந்து பேர், ஆளுக்கொரு மட்டை, மஞ்சள் கம்பளி நூலில் சுற்றிய பந்து. ஊரில் எல்லோருக்கும் அது பேட்மிட்டன்தான். டிவியில் வருவது இறகுப் பந்து, இது வேறு என்று சூசைமாணிக்கம் நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியூர் சம்பந்திகள்கூட, "ஒலிம்பிக்ல இருக்குல்ல, அதான?" என்றுதான் கேட்பார்கள்.

ஜெஸ்ஸி கோயம்புத்தூரில் ஒரு கட்டடக் கம்பெனியில் என்ஜினியர். அன்றைக்கு சைட்டிலிருந்து ஸ்டீல் டேப்பைக் கொண்டுவந்திருந்தாள். அப்பாவிடம் இருந்தது மில் காலத்துத் துணி டேப். இழுத்து இழுத்து நைந்துபோனது. கோர்ட்டின் நீளம் இருபத்து நாலு மீட்டர் இருக்க வேண்டும். துணி டேப்பில் சரியாக இருந்தது. ஸ்டீல் டேப்பில் பதினோரு சென்டிமீட்டர் கூடுதல்.

அவள் சொன்னதும் சூசைமாணிக்கம் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"அப்ப இம்புட்டு வருசமா அவுட்டப் பூரா உள்ளன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார். பிறகு, "கண்ணுசாமிகிட்ட சொல்லிராத. தோத்த ஆட்டத்தப் பூரா மறுக்கா ஆடக் கூப்புடுவான்."

திருத்தட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றுவிட்டார். இங்கே ஆடிப் பழகிய காலுக்கு இதுதான் அளவாம். பழைய கோட்டின் மேலேயே சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு போனார். பின்கோட்டின் பாதியில் நின்று, ஓரமாகக் கிடந்த கல் உருளையின் மேல் உட்கார்ந்தார். கோடு நேராக வந்திருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு எந்தக் கோட்டைப் பார்க்க முடியும்? வலது கை நெஞ்சுக்குப் போய், அவள் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் சட்டைப் பித்தானைத் தடவுவதுபோல நின்றது.

இதயத்தில் அடைப்பு இருக்கலாம், மதுரைக்குப் போய் ஆஞ்சியோ எடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் எழுதிக்கொடுத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஜெஸ்ஸி இரண்டு முறை தேதி வாங்கினாள். இரண்டு முறையும் அவர் போகவில்லை. மூன்றாவது முறை வாங்கியிருக்கும் தேதி வரப்போகிற வியாழக்கிழமை. ஒரு நாள் சேர்ந்து, மறுநாள் மாலைதான் வெளியே விடுவார்கள்.

"வியாழக்கிழமை மதுரைக்கு வாரீங்கல்லப்பா?"

அவர் எழுந்து டப்பாவை எடுத்துக்கொண்டார். "வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் ஆளு பத்தலையேம்மா" என்றார்.

இதற்கு மேல் அவரிடம் பேச முடியாது என்று ஜெஸ்ஸிக்குத் தெரியும். பதினோரு வருடமாக, வேலைக்குத் தவிர, அவர் எங்கும் போனதில்லை. வேளாங்கண்ணிக்குப் போனதில்லை. கோயம்புத்தூரில் மகள் குடியிருக்கும் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. அவளுடைய கல்யாணமே மதியத்துக்குள் முடிந்து, மாலை ஐந்தரைக்கு மாமனார் வீட்டு ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, பெண்ணைப் பெற்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார். கல்யாண வீட்டிலிருந்து நாலு பேரைக் கையோடு கூட்டிக்கொண்டு.

காரணம் ஒரு வார்த்தை. பதினோரு வருடத்துக்கு முன்னால், கோவில் காரியம் பார்க்கும் பங்குப் பேரவையில் சிலர் அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டலாம் என்றார்கள். அப்போதிருந்த பழைய சாமியார் வயசானவர், ஆட்டம் பார்க்கப் பிடிக்கும். சாயங்காலம் தான் குடியிருந்த பங்களா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் கூட்டத்தில் சொன்னாராம்: சாயங்காலத்து மூவேளைச் செப மணி அடிக்கிற நேரத்தில் அந்தக் கோர்ட்டில் ஐந்து பேர் நிற்கிற வரைக்கும் யாரும் அந்த இடத்தைத் தொடக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஐந்து. அந்த ஐந்தும் இல்லையென்றால் அது விளையாட்டே இல்லை, காலி இடம்.

மண்டபப் பேச்சு அடங்கியது. மறுவருடம் பழைய சாமியார் மாற்றலாகிப் போனார். பிறகு செத்தும் போனார். வார்த்தை சூசைமாணிக்கத்திடம் தங்கிவிட்டது.

மாலை ஆறுக்கு மணி அடிக்கும். அந்த நேரத்தில் எந்த ஆட்டமும் அப்படியே நிற்கும். கையில் பந்து இருப்பவன் பந்தோடு நிற்பான். சூசைமாணிக்கமும் மற்ற கிறிஸ்தவர்களும் சிலுவை போட்டு முணுமுணுப்பார்கள். கண்ணுசாமி கிறிஸ்தவர் இல்லை. பக்கத்து ஊரில் மல்லிகையும் கத்தரியும் போடுகிறவர். அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையைப் பார்ப்பார். மணி நின்றதும், குறுக்கே நின்றுபோன பாயிண்டை மறுபடி சர்வீசிலிருந்து ஆட வேண்டும். அதற்கு மணிப் பாயிண்டு என்று பெயர். தோற்கப் போகிறவன் மணி அடிக்கும் நேரம் பார்த்துப் பந்தைத் தூக்கித் தூக்கிப் போட்டு இழுப்பான். அதையும் ஒரு திறமையாகத்தான் எண்ணினார்கள்.

மணி அடித்து நிற்கிற அந்த ஒரு நிமிடத்தில் சூசைமாணிக்கத்தின் உதடு செபம் சொல்லும், கண் தலைகளை எண்ணும். ஜெஸ்ஸி பக்கத்தில் நின்று எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள்.

அவளும் அந்தக் கணக்கில் நாலு வருடம் இருந்தாள். பூப்பந்தில் மாவட்ட அணிக்கு ஆடிய சர்டிபிகேட்டில்தான் அவளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் என்ஜினியரிங் சீட் கிடைத்தது. கல்லூரி திண்டுக்கல்லில். பஸ் ஊருக்கு வர ஐந்து நாற்பது ஆகும். இறங்கிய கையோடு பையைப் புளியமரத்தடியில் எறிந்துவிட்டு கோர்ட்டுக்குள் ஓடுவாள். பரீட்சை, காய்ச்சல், தோழி கல்யாணம், எதற்கும் விலக்கு இல்லை. பத்துப் பேர் ஆடிய காலம் போய் ஆறு, ஏழு என்று குறைந்திருந்தது. வேலை கிடைத்து அவள் கோயம்புத்தூருக்குப் பெட்டி கட்டிய அன்றைக்கு அப்பா சந்தோஷமாகத்தான் இருந்தார். பஸ் ஏற்றிவிடும்போது மட்டும், "செவ்வாக்கெழமைக்கு யாரப் புடிக்கிறதுன்னு பாக்கணும்" என்றார். பஸ் செம்பட்டி தாண்டும் வரை அவளுக்கு அதே வார்த்தை காதில் இருந்தது.

ஆள் குறைந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? கண்மாய் வற்றினால் அதற்குள் கிரிக்கெட் டோர்னமென்ட். முதல் பரிசு முப்பதாயிரம், ஒரு ஆட்டுக்கிடா. தோற்றாலும் பிரியாணி உண்டு. பூப்பந்தில் ஜெயித்தால் ஒரு கப், அதையும் கிளப் அலமாரியில் வைத்துவிட வேண்டும். பஸ் காசு அவரவர் கையிலிருந்து. காசு வாங்கி ஆடக் கூடாது என்பது சூசைமாணிக்கத்தின் முதல் சட்டம், இரண்டாம் சட்டம் எல்லாம்.

அந்தச் சட்டத்தில் சிக்கியவன் ரோஷன். அந்த மண்ணில் ஆடியவர்களிலேயே நல்ல ஆட்டக்காரன். இருபது வயதில் அவன் கட் அடித்தால் பந்து வலைக்குப் பக்கத்திலேயே செத்து விழும். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒட்டன்சத்திரத்து அணி ஒன்றுக்கு ஒரு நாள் ஆடிக்கொடுத்து ஐந்நூறு ரூபாய் வாங்கிவிட்டான். செய்தி வந்த மாலை சூசைமாணிக்கம் அவனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினார். ஜெஸ்ஸி அன்று ஊரில் இருந்தாள்.

"பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போக முந்நூறு மிஞ்சுச்சு மாமா. இது ஒரு குத்தமா?" என்றான் ரோஷன்.

"காசு வாங்கிட்டு ஆடுனா அது வேல. வெளையாட்டு இல்ல."

"உங்களுக்கு மில்லுல எதுக்கு வேல குடுத்தான்? நூல் நூக்கத் தெரியும்னா? எடது கையில நல்லா அடிப்பீங்கன்னுதான குடுத்தான். இருபத்தேழு வருசம் நீங்க மாசாமாசம் வாங்குனீங்க. நான் ஒரே நாள்ல வாங்கிட்டேன். அவ்வளவுதான் மாமா வித்தியாசம்."

அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள். ரோஷன் ஜெஸ்ஸி பக்கம் திரும்பி, "அக்கா படிச்ச சீட்டும் இதுலதான வந்துச்சு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னான்.  

அவன் சொன்னது நிஜம். சூசைமாணிக்கத்துக்குப் பத்தொன்பது வயதில் மில்லில் ஃபிட்டர் உதவியாள் வேலை கிடைத்தது, மில் அணிக்குப் பின்வரிசையில் ஒரு இடது கைக்காரன் தேவைப்பட்டதால். மில்லை மூடுகிற நாள் வரை அங்கேயே இருந்தார். மூடியபின் அணியும் இல்லை, சம்பளமும் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு நூல் குடோனில் வாட்ச்மேன். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் சூப்பர்வைசர் வேலை வந்தது, இரண்டு மடங்கு சம்பளம், தங்குமிடம். போகவில்லை. குடோனில் காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை ஷிப்ட் கிடைத்தது. மூன்றரைக்குள் ஊருக்கு வந்துவிடலாம்.

விலக்கப்பட்ட ரோஷன் சும்மா இருக்கவில்லை. கிரிக்கெட்டுக்குப் போனான், காசு பார்த்தான். பிறகு வத்தலக்குண்டு ரோட்டில் குத்தகைக்கு இடம் பிடித்து, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, சுற்றி வலை கட்டி, மணிக்கு அறுநூறு என்று டர்ஃப் போட்டான். ஊர்ப் பையன்கள் பாதி அங்கேதான். அந்தக் குத்தகை முடியப் போகிறது, கோவில் இடத்தைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறான் என்று இரண்டு வருடமாகப் பேச்சு. மாத வாடகை வந்தால் பள்ளிக்கூடத்துக் கூரையை மாற்றலாம் என்று பேரவைக்காரர்கள் நினைத்தார்கள். நினைத்ததில் தப்பும் இல்லை. அந்தக் கூரையின் கீழ் படித்த பிள்ளைகள் மழைக் காலத்தில் பெஞ்சை நகர்த்தி நகர்த்தித்தான் உட்கார்ந்தார்கள்.

பேச்சு வந்ததிலிருந்து சூசைமாணிக்கம் இன்னும் இறுகிப்போனார். குடோனில் உட்கார்ந்தபடியே பத்து மணிக்குப் போன் போட ஆரம்பிப்பார். இன்றைக்கு வாரியா, நாளைக்கு வாரியா. கண்ணுசாமி தவறாமல் வருவார். பொன்னழகு என்றொருவர், அரசு பஸ்ஸில் கண்டக்டர், வியாழன், வெள்ளி பழனி டூட்டி. நாலாம் ஆள் எப்படியோ தேறும். ஐந்தாவது ஆள்தான் சிக்கல்.

அந்த ஐந்தாவது ஆளைப் பற்றி ஜெஸ்ஸிக்குப் போன ஆகஸ்டில்தான் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை, லீவில் வந்திருந்தாள். கோர்ட்டின் மூலையில் முகேஷ்குமார் நின்றான். புரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவன். முழங்கை வரை மாவு. ஆடத் தெரியாது. பந்து வந்தால், மாடு வந்தால் ஒதுங்குவதுபோல ஒதுங்கி வழிவிட்டான். மணி அடித்தது, நின்றார்கள், முடிந்தது. சூசைமாணிக்கம் அவனைப் புளியமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் இருநூறு ரூபாய் கொடுத்தார். கடைக்காரன் லேட்டுக்குப் பிடிக்கிற காசாம். வாட்ச்மேன் சம்பளத்தில் மாதத்துக்கு எட்டு நாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டாள். "காசு குடுத்தா ஆள் கூப்புடுறீங்க?"

"ஆடுறதுக்கு இல்லம்மா" என்றார். "நிக்கிறதுக்கு."

அவள் ரோஷன் பெயரை எடுத்தாள். எடுத்திருக்க வேண்டாம். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. திட்டவும் இல்லை. அம்மா இஞ்ஞாசியம்மாள்தான் நடுவில் புகுந்து, தட்டுக்கு வெஞ்சனம் வைத்துக்கொண்டே, "மட்டையக் குடுங்க, நான் போயி நிக்கிறேன். சேலை கட்டுனாலும் ஆளு ஆளுதான?" என்று கேட்டாள். சிரிக்க வைக்கத்தான் கேட்டாள். சூசைமாணிக்கம் சிரிக்கவில்லை. கையில் சோற்றை வைத்துக்கொண்டு உண்மையாகவே யோசித்தார். செத்த நேரம் கழித்து, "ஒத்துக்க மாட்டாங்க" என்றார். இஞ்ஞாசியம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கோடு போட்ட ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு வந்த வியாழனும் போனது. மதுரைக்குப் போகவில்லை. மணிக்கு ஐந்து பேர் நின்றார்களாம். போனில் சொன்னார். குரலில் ஜெயித்த தெம்பு. ஜெஸ்ஸி சரி என்று வைத்துவிட்டாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குக் குடோன் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி செத்துப்போனார். லோடு ஏற்ற வந்தவர்கள் தூங்குகிறார் என்று நினைத்தார்கள். கையில் போன் இருந்தது. கடைசியாகப் போட்ட கால் முகேஷ்குமாருக்கு. அவன் எடுக்கவில்லை. அன்று மாலை மணிக்கும் கண்ணுசாமி சாவு வீட்டிலிருந்து நாலு பேரைக் கூட்டிப்போய் நின்றார்.

மறுநாள் நாலு மணிக்கு அடக்கம். ரோஷன் காலையிலேயே வந்துவிட்டான். பந்தல், நாற்காலி எல்லாம் அவன் ஏற்பாடு. யாரும் அவனிடம் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கியபோது முன்பக்கம் இடது தோளைக் கொடுத்தான். கண்ணுசாமி வலது பக்கம். பொன்னழகு டூட்டியை மாற்றிக்கொண்டு வந்திருந்தார். முகேஷ்குமார் கடைக்குப் போகவில்லை. ஆடியவர்கள், நின்றவர்கள், விட்டுப்போனவர்கள் எல்லோரும் இருந்தார்கள். கல்லறை ஊருக்குக் கிழக்கே. பூசை நீண்டு, பாடல்கள் நீண்டு, குழிக்குள் பெட்டியை இறக்கும்போது பொழுது மங்கிவிட்டது.

மண் போட ஆரம்பித்த நேரத்தில் மணி அடித்தது.

எல்லோரும் நின்றார்கள். மண்ணை அள்ளியவர்கள் மண்ணோடு நின்றார்கள். கண்ணுசாமி தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். வழக்கம்போலத் தரையைப் பார்த்தவர் திடுக்கிட்டதுபோலத் தலையைத் தூக்கி, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு குழிக்குள் பார்த்து, பக்கத்து ஆளிடம் பேசுகிற குரலில் சொன்னார்:

"மாப்ள, எல்லாரும் இங்க வந்துட்டோம்டா. அங்க ஒருத்தனும் இல்ல."

பதினோரு வருடத்தில் அதுதான் முதல் நாள்.

ஜெஸ்ஸி ஊரில் தங்கினாள். மறுநாள் வியாழன். ஐந்தே முக்காலுக்கு அப்பாவின் மட்டையை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போய் நின்றாள். கணவன் போனில் எப்போது வருவாய் என்று கேட்டான். ஏழாம் நாள் பூசை முடியட்டும் என்றாள். அது முடிந்தது. கம்பெனியில் இரண்டு ஸ்லாபுக்கு அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தார்கள். அவள் லேப்டாப்பைத் திறந்து அட்டவணை போட்டாள். மேலே கிழமை, பக்கத்தில் பெயர், யார் எந்த நாள் வர முடியும் என்று. இரண்டு மணி நேரம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பீமுக்கும் தூணுக்கும் கணக்குப் போடத் தெரிந்தவளுக்கு இது வரவில்லை. எப்படிப் போட்டாலும் செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் நாலு. அவள் இருந்தால் ஐந்து.

அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அப்பாவின் பதினோரு வருடம் உடம்பில் உறைத்தது. கதவு பூட்டியிருக்கவில்லை. யாரும் கையைக் கட்டவில்லை. ஆனாலும் கிளம்ப முடியாது.

சனிக்கிழமை சாமியாரைப் பார்க்கப் பங்களாவுக்குப் போனாள். இப்போதிருக்கும் சாமியார் நாற்பது வயதுக்குள் இருப்பார், பங்குக்கு வந்து மூன்று வருடம். உட்காரச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தப் புதன்கெழமை ஒரு நாள்தான் ஃபாதர் ஆளில்ல. எல்லாரும் அடக்கத்துக்கு வந்துட்டாங்க. அந்த ஒரு நாள மட்டும் கணக்குல எடுக்க வேண்டாம்."

"எந்தக் கணக்கும்மா?" என்றார் சாமியார்.

அவள் சொன்னாள். பழைய சாமியாரின் வார்த்தை, மணி, ஐந்து பேர். அவர் பொறுமையாகக் கேட்டார். அப்படி ஒன்றை யாரோ வேடிக்கையாகச் சொல்லிக் காதில் விழுந்திருக்கிறது என்றார். பேரவைப் பதிவேட்டில் அப்படி எதுவும் இல்லை. இடம் மறைமாவட்டத்துடையது. நினைத்தால் எந்த மாதமும் எடுத்திருக்கலாம். ரோஷனின் மனு இரண்டு வருடமாக அவருடைய மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. பேரவையில் எல்லோருக்கும் சம்மதம்.

"அப்புறம் ஏன் ஃபாதர் குடுக்கல?"

"தினம் சாயங்காலம் மாடியில செபமால சொல்லிக்கிட்டு நடப்பேன். ஒரு மனுசர் வந்து வலை கட்டுறது தெரியும். அவர் இருக்குற வரைக்கும் வேண்டாம்னு சொல்லிட்டேன். ரோஷனும் சரின்னுட்டான். மாமா இருக்கட்டும் ஃபாதர்னு அவனேதான் சொன்னான்."

"அஞ்சு பேரு இல்லாட்டி?"

"நான் எண்ணுனதே இல்லம்மா."

 ஜெஸ்ஸி தன் கைகளைப் பார்த்தாள். மட்டை பிடித்து உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். இந்த ஒரு வார்த்தையை அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. சாமியார் கோபப்படவில்லை.

"சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

இஞ்ஞாசியம்மாள் செப்டம்பர் கடைசியில் யாருக்கும் தெரியாமல் பங்களாவுக்கு வந்திருக்கிறாள். நெஞ்சுவலிக்காரர், மதுரைக்குப் போக மாட்டேன் என்கிறார், இடம் எங்கேயும் போகாது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவார் என்று கேட்டிருக்கிறாள். நான் வந்தது தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார், நீங்களாகக் கூப்பிட்டுச் சொன்னதாக இருக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறாள். சாமியார் ஒத்துக்கொண்டார். ஞாயிறு பூசைக்கு அப்புறம் பங்களாவுக்கு வந்துவிட்டுப் போகும்படி கோவிலில் மணி அடித்து ஏவல் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லி அனுப்பினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

பேரவை மறுநாள் கூடுகிறது, மனுவை எடுத்தாக வேண்டும் என்றார் சாமியார். இனிமேல் என்ன சொல்லி நிறுத்துவது என்று அவளையே கேட்டார். அவள் செவ்வாயையும் வியாழனையும் வெள்ளியையும் நினைத்தாள். "ரோஷனுக்கே குடுத்துருங்க ஃபாதர்" என்றாள். சொல்லி முடித்ததும் லேசாகிவிடும் என்று எதிர்பார்த்தாள். ஆகவில்லை.

சாமியாரிடம் போனது நிஜமா என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மீதியைக் கண்ணுசாமிதான் சொன்னார், தோட்டத்து மோட்டார் ரூம் வாசலில் நின்றுகொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சாமியாரு வரச் சொன்னாருன்னு ஒங்கப்பன் சொன்னான் தாயி. எதுக்குடான்னு கேட்டேன். எதுக்கு, எடத்தக் காலி பண்ணச் சொல்லத்தான்னான். போயி என்னன்னு கேட்டுட்டு வாடான்னேன். போனாத்தான மாப்ள சொல்லுவாரு, நான் போகாம இருந்தா அவரு எப்புடிச் சொல்லுவாருன்னான். நானும் அது சரிதான்னு விட்டுட்டேன்."

பூசை முடிந்து பெரிய வாசல் வழியாக வெளியே வந்தால் எதிரே பங்களா. அக்டோபரில் மூன்று ஞாயிறும் சூசைமாணிக்கம் நற்கருணை வாங்கிய கையோடு, கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே, பெண்கள் பக்கத்து வாசல் வழியாக வெளியேறிப் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி வீட்டுக்குப் போயிருக்கிறார். மூன்றாவது ஞாயிறு சாமியார் வராந்தாவில் எதிரெதிரே இரண்டு நாற்காலி போடச் சொல்லி, காப்பி போட்டு வைக்கச் சொல்லி, பதினோரு மணி வரை காத்திருந்தாராம்.